பொருளடக்கத்தில் ஒரு வரி

தால்காவானோ துறைமுக அலுவலகத்தின் மூன்றாம் மாடியில்
மணி நாலே கால்.
ஆறு மணிப் பேருந்தில் அறிக்கை சந்தியாகோ போகவேண்டும்.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் ஒழுங்காக இருக்கின்றன.
முதல் பக்கம் மட்டும்
பல் விழுந்த வாய் மாதிரி.

ஓர்தென்சியா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்க்கிறாள்.
எண்கள் ஒன்றின்கீழ் ஒன்று நிற்கவில்லை.
ஒன்பது உள்ளே, இருபத்துமூன்று வெளியே,
நூற்று நாலு அடுத்த வரிக்கே ஓடிவிட்டது.
யாரோ புண்ணியவான்
தலைப்புக்கும் எண்ணுக்கும் நடுவே
ஒவ்வொரு புள்ளியையும் விரலால் தட்டியிருக்கிறான்.
ஒரு வரியை எண்ணிப் பார்த்தாள்: எழுபத்தொன்று.
புள்ளி அலுத்த இடத்தில் ஸ்பேஸ் பார்,
ஆடும் மேசைக் காலுக்குக் காகிதம் மடித்து வைப்பதுபோல.

எல்லாவற்றையும் அழித்தாள்.
பதினைந்தரை சென்டிமீட்டரில், வலப்பக்கம்,
ஒரே ஒரு டேப். அதற்கொரு புள்ளிக்கோடு.
தலைப்புகளைத் தலைப்பு என்று அறிவித்தாள்;
இதுவரை அவை தடித்த எழுத்துகள் மட்டும்,
அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்ட பையன்கள்.
பிறகு வலது சொடுக்கு. புதுப்பி.

வானிலை ............ 9
எஞ்சினும் பராமரிப்பும் ............ 23
சாட்சியங்கள் ............ 41
அன்று காலை அவன் சாப்பிடாமல் போனான் ............ 47
பொறுப்பு ............ 48

நாலாவதாக வந்து உட்கார்ந்திருப்பது யார்?

நாற்பத்தேழுக்குப் போனாள்.
கிளோரிந்தா மன்சீயா, படகுச் சமையல்காரனின் தாய்.
படகு எத்தனை மணிக்குக் கிளம்பியது என்பது கேள்வி.
அதற்கு இதுதான் பதில்.
தனிப் பத்தி. மேலே சிறிய பெட்டியில்
பாணியின் பெயர்: தலைப்பு 1.

தட்டெழுதிய எவாரிஸ்தோவுக்குப் போன் போட்டாள்.
"கை பட்டிருக்கும்" என்றான்.
அவன் வீட்டு டிவியில் யாரோ கோல் போட்டார்கள்.
அவன் கத்தவில்லை.
"பட்டிருக்கும். மாற்றிவிடு."

'லா போர்ஃபியாதா'வில் போனவர்கள் ஏழு பேர்.
கரைக்கு வந்தவை நாலு உடல்.
அந்த நால்வருக்கு அடக்கம் நடந்தது.
மற்ற மூவருக்கும் இருப்பது
இந்தப் பொருளடக்கம்.

விசாரணைக் குழு வாக்கியங்களைப் பட்டியல் போடாது,
அத்தியாயங்களைத்தான் போடும்.
அவளுக்குத் தெரியும், பத்தொன்பது வருட வேலை.
பாணிகளின் பட்டியலை இறக்கினாள்.
முதலில் மேற்கோள்.
வரி சாய்ந்து, உள்ளே ஒதுங்கி,
மேடையில் ஒப்பிக்கிறதுபோல நின்றது.
சீ, வேண்டாம். திரும்பப் பெற்றாள்.
அடுத்தது சாதாரணம்.
வேறு வழியில்லை, அதன் பெயரே அதுதான்.
அந்த வாக்கியத்தின்மேல் நின்று
சாதாரணம் என்பதை அழுத்தினாள்.

அது சிறுத்து
மற்ற வரிகளின் உயரத்துக்கு இறங்கி
கூட்டத்தில் நின்றுகொண்டது.

பக்க எண்கள் மட்டுமா, முழு அட்டவணையுமா
என்று கேட்டது கணினி.
முழுதும்.

வரி போய்விட்டது. எண்கள் நேராக நின்றன.
ஆனால் பொறுப்பு
நாற்பத்தெட்டில் இல்லை.

தலைப்பாக இருந்தபோது அந்த வாக்கியம்
தன் தலைக்குமேலும் காலுக்குக் கீழும்
கொஞ்சம் வெற்றிடம் பிடித்து வைத்திருந்தது.
அதை விட்டதும் கீழே இருந்ததெல்லாம் மேலே ஏறி,
பொறுப்பு இப்போது நாற்பத்தேழில்,
சாப்பிடாமல் போனவனுக்கு
மூன்றே வரி கீழே.

அத்தியாயம் புதுப் பக்கத்தில் தொடங்கவேண்டும்.
விதி அது. அதற்கென்று ஒரு கட்டம் உண்டு,
டிக் போட்டால் அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடும்.
மவுஸ் அதன்மேல் போய் நின்றது.
கீழே சாலையில் மீன் லாரி ஒன்று
பின்னோக்கி வரும் ஒலி, விட்டு விட்டு.

ஐந்து முப்பத்தெட்டு.
கட்டத்தைத் தொடாமல் சேமித்தாள்.
அச்சிடு என்றாள்.
இரண்டாம் தட்டில் காகிதம் இல்லை என்றது பிரிண்டர்.
எழுந்து போய்
ஒரு புதுக் கட்டைப் பிரித்தாள்.